விரல் நம்முடையது, வழி யாருடையது?

 

ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. கதாநாயகன் ஒரு கதவின் முன்னால் வந்து நிற்கிறான். திடீரெனத் திரையின் கீழே இரண்டு கட்டங்கள் தோன்றுகின்றன. ஒன்றில் ‘கதவைத் திற’ என்றும் மற்றதில் ‘திரும்பிப் போ’ என்றும் எழுதியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவர் ஒன்றைத் தொட வேண்டும். எதைத் தொடுகிறாரோ அதன்படி கதை நகரும். இவை பொம்மைப் படங்களல்ல. உண்மையான நடிகர்களை வைத்து, உண்மையான இடங்களில் படம்பிடித்து, வீடியோ விளையாட்டாக விற்கப்படும் கதைகள். இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இவை தாராளமாகக் கிடைக்கின்றன.

“ஹஸ்ரத், மகன் போனை வைத்துக்கொண்டு படம் பார்க்கிறானா விளையாடுகிறானா என்றே எனக்கு விளங்கவில்லை. கேட்டால் இரண்டும்தான் என்கிறான். இதைத் தடுப்பதா, விடுவதா?” என்று எமது பகுதித் தாய் ஒருவர் அண்மையில் கேட்டார். மகன் சொன்னது சரிதான், இது இரண்டும்தான். ஆனால் தடுப்பதா விடுவதா என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. இந்த விளையாட்டு எப்படிச் செய்யப்படுகிறது, பிள்ளையின் மனதில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை முதலில் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இதைப் புத்தம் புதிய விஷயமென்று பலர் எண்ணுகிறார்கள். இதன் வயது அறுபதை நெருங்குகிறது. 1967ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் மண்டபத்தில் ‘கினோஆட்டோமாட்’ என்ற பெயரில் ஒரு படம் காட்டப்பட்டது. ராதூஸ் சின்செரா என்பவரின் சிந்தனையில் உருவானது அது. மண்டபத்தில் 127 ஆசனங்கள். ஒவ்வோர் ஆசனத்திலும் பச்சை நிறத்தில் ஒரு பொத்தானும் சிவப்பு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தன. படம் ஒன்பது இடங்களில் நிற்கும். கதாநாயகனாக நடித்தவரே மேடையில் தோன்றி, ‘நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?’ என்று சபையைக் கேட்பார். பெரும்பான்மையோர் எதை அழுத்தினார்களோ அந்தக் காட்சி ஓடும்.

சபையினர் மிகுந்த உற்சாகத்தோடு வாக்களித்தார்கள். ஆனால் அந்தப் படத்துக்குள் ஒரு தந்திரம் இருந்தது. பச்சையை அழுத்தினாலும் சிவப்பை அழுத்தினாலும், சற்று நேரத்தில் கதை அதே அடுத்த கேள்விக்குத்தான் வந்து சேரும். முடிவும் ஒன்றே: கதாநாயகன் குடியிருக்கும் கட்டடம் தீப்பற்றி எரியும். அந்தத் தீ படத்தின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிட்டது. ‘நாங்கள்தான் தீர்மானித்தோம்’ என்று மகிழ்ந்தவர்கள், உண்மையில் எதையும் மாற்றவில்லை. படத்தைச் செய்தவர்கள் வேண்டுமென்றே செய்த கேலி அது.

ஏன் இப்படி வழிகளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள்? அதற்குச் சாதாரணக் கணக்கு ஒன்றே போதும். கதையில் ஓர் இடத்தில் இரண்டு வழி என்றால் இரண்டு காட்சிகள் எடுக்க வேண்டும். அந்த இரண்டும் மறுபடி இரண்டாகப் பிரிந்தால் நான்கு. மூன்றாவது முறை எட்டு. இப்படியே பத்துத் தடவை பிரிந்தால் 1,024 முடிவுகள் வேண்டும். இருபது தடவை பிரிந்தால் பத்து இலட்சத்துக்கும் மேல். நடிகருக்குச் சம்பளம் கொடுத்து ஒவ்வொரு காட்சியையும் படம்பிடிக்கும் எந்த நிறுவனத்துக்கும் இது கட்டுப்படியாகாது. ஆகவே பிரிந்த வழிகளைக் கொஞ்சத் தூரம் போகவிட்டு மறுபடி ஒன்றாக்கிவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் உருவாகி 2016இல் வெளிவந்த ‘லேட் ஷிஃப்ட்’ என்ற விளையாட்டில் விளையாடுபவர் தெரிவு செய்யும் இடங்கள் 180. ஆனால் கதைக்கு இருக்கும் முடிவுகள் ஏழுதான்.

நம் கடுகண்ணாவைப் பிள்ளைகளுக்கு இதைப் புகையிரதத்தை வைத்து விளக்கலாம். கொழும்பிலிருந்து வரும் கோச்சி ரம்புக்கனையிலிருந்து மலையேறி, நம் ஊரைத் தாண்டிப் பேராதனைச் சந்திக்குப் போகிறது. அங்கே பாதை பிரிகிறது. ஒன்று கண்டிக்கு, மற்றது நாவலப்பிட்டி வழியாகப் பதுளைக்கு. பயணி இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஆனால் யாழ்ப்பாணம் போக விரும்பும் ஒருவர் பேராதனையில் இறங்கி நின்று எவ்வளவுதான் யோசித்தாலும் பயனில்லை. அந்தப் பாதை பொல்கஹவெலயிலேயே பிரிந்துவிட்டது. பயணிக்கு உரிமை உண்டு. ஆனால் அது தண்டவாளம் போட்டவர் விட்டுவைத்த அளவுக்குத்தான். இந்த விளையாட்டுக்களும் அப்படித்தான். விரல் நம் பிள்ளையுடையது. தண்டவாளம் வேறொருவர் போட்டது.

இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். எல்லாக் கதையையும் யாரோ ஒருவர்தானே எழுதுகிறார்? உண்மைதான். ஆனால் சாதாரணப் படத்தில் கதாநாயகன் பொய் சொன்னால், ‘அவன் பொய் சொன்னான்’ என்று பிள்ளை சொல்கிறது. இங்கே அதே பிள்ளை, ‘நான் பொய் சொன்னேன், தப்பிவிட்டேன்’ என்கிறது. ‘அவன்’ என்பது ‘நான்’ என்று மாறிவிடுகிறது. கதை எழுதியவரின் எண்ணம், பிள்ளையின் சொந்தத் தீர்மானம் போல உள்ளே இறங்குகிறது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

சில உதாரணங்களைப் பார்ப்போம். 2018 டிசம்பர் 28ஆம் திகதி நெட்பிளிக்ஸ் நிறுவனம் ‘பேண்டர்ஸ்னாட்ச்’ என்ற படத்தை வெளியிட்டது. வளர்ந்தவர்களுக்கான கதை அது. முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: காலை உணவுக்கு இரண்டு வகைத் தானியத்தில் எது வேண்டும்? பார்ப்பவர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தொடுவார். கதை போகப்போகக் கேள்விகள் பாரமாகின்றன. கதாநாயகன் தன் தந்தையைத் தாக்குவதா இல்லையா என்று கேட்கும் கட்டமும் வருகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பத்து விநாடிதான் அவகாசம். அதற்குள் தொடாவிட்டால் படமே ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளும். தொடக்கத்திலேயே வரும் ஒரு தெரிவில், எழுதியவர்களுக்கு வேண்டாத வழியைத் தொட்டால், வழி தவறிவிட்டாய் என்ற பொருளில் ஒரு பாத்திரம் சொல்லும். கதை மீண்டும் பின்னுக்குப் போய்விடும். சிறு கேள்வியில் பழக்கி, அவசரப்படுத்தி, விரும்பிய பக்கம் திருப்புவது எப்படி என்பதற்கு இது நல்ல பாடம். சந்தையில் நம்மை அவசரப்படுத்திச் சாமான் விற்கும் வியாபாரியும் இதைத்தான் செய்கிறான்.

எல்லாம் இப்படிக் கடுமையானவை என்று எண்ண வேண்டாம். 2022 ஜூலை 8ஆம் திகதி இதே நிறுவனம் இந்தியாவுக்காக ஒரு நிகழ்ச்சியை வெளியிட்டது. ஹிந்தி நடிகர் ரன்வீர் சிங்கும், காடுகளில் உயிர்தப்பும் கலையைக் காட்டும் பெயார் கிரில்ஸும் சேர்பியா நாட்டின் காட்டுக்குள் போகிறார்கள். எந்த வழியால் போவது, ஆபத்தை எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் வீட்டிலிருப்பவர் ரிமோட்டில் தெரிவு செய்ய வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து வாதாடிக்கொண்டு பார்க்கக்கூடிய வகையைச் சேர்ந்தது அது. ஆக, இந்த வடிவம் ஒரு பாத்திரம் போன்றது. அதில் என்ன ஊற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இந்த வடிவம் அந்த நிறுவனத்துக்கும் நெடுங்காலம் ஒத்துவரவில்லை. 2024 டிசம்பரில் இத்தகைய படங்களில் பெரும்பாலானவற்றை அது நீக்கியது. 2025 மே மாதத்தில் பேண்டர்ஸ்னாட்சும் நீக்கப்பட்டது. ஆனால் விளையாட்டு நிறுவனங்கள் இதை விடவில்லை. முக்கியமாகச் சீனாவில் இது பெரும் வியாபாரமாகிவிட்டது.

பெண்களாகிய நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய சம்பவம் அந்தச் சீனாவில்தான் நடந்தது. 2025 ஜூன் மாதத்தில் அங்கே ஒரு விளையாட்டு வெளிவந்தது. ஆண்களிடம் பணம் கறக்கும் பெண்களைக் குறிக்கும் இழிவான ஒரு சொல்லே அதற்குப் பெயர். விளையாடுபவர் ஓர் ஆணின் இடத்தில் இருப்பார். அன்பு காட்டி வரும் பெண்கள் அவருடைய பணத்துக்காகவே வருகிறார்கள். அவர்களிடம் ஏமாறாமல் தப்புவதே விளையாட்டு. வெளிவந்து சில மணித்தியாலங்களில், கணினி விளையாட்டுக்களை விற்கும் ‘ஸ்டீம்’ தளத்தின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது. எதிர்ப்பும் அதே வேகத்தில் கிளம்பியது. மறுநாளே பெயரை ‘உணர்வு மோசடித் தடுப்புப் பயிற்சி’ என்ற பொருள்பட மாற்றினார்கள். ஒரு பத்திரிகை, பெண்ணினம் முழுவதற்கும் மோசடிக்காரர் என்று முத்திரை குத்துவதாகக் கண்டித்தது. இன்னொரு பத்திரிகை, காதல் மோசடி பற்றிய விழிப்புணர்வைத் தருவதாகப் பாராட்டியது. பெண்களைத் தாக்குவது தமது நோக்கமல்ல என்று செய்தவர்கள் கூறினார்கள்.

காதல் மோசடி நடப்பது உண்மை. அதில் ஆண்களும் ஏமாறுகிறார்கள், பெண்களும் ஏமாறுகிறார்கள். அதைப் பற்றி எச்சரிப்பது குற்றமல்ல. ஆனால் இப்படியொரு கதையில் ஒரு வாலிபன் மணிக்கணக்காக இருந்து, இந்தப் பெண்ணை நம்புவதா அந்தப் பெண்ணை நம்புவதா என்று தொட்டுக்கொண்டே போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குக் கிடைக்கும் தெரிவுகள் எல்லாம், எந்த ஏமாற்றுக்காரியிடமிருந்து எப்படித் தப்புவது என்பவைதான். உழைத்துக் குடும்பம் காக்கும் பெண்ணும், கஷ்ட காலத்தில் தன் நகையை விற்றுக் கணவனின் கடனை அடைத்த பெண்ணும் அந்தத் தண்டவாளத்தில் எந்த நிலையத்திலும் ஏறுவதில்லை. அவன் நூறு தடவை தெரிவு செய்தும் அவர்களைச் சந்திக்கவே மாட்டான். கடைசியில், ‘பெண்கள் இப்படித்தான், நானே சோதித்துப் பார்த்துவிட்டேன்’ என்று எழுந்திருப்பான்.

இத்தகைய விளையாட்டில் கேட்கப்படும் கேள்விகளைவிடக் கேட்கப்படாத கேள்விகளே அதிகம் கற்பிக்கின்றன என்று நான் சொல்வது இதனால்தான். திரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், என்ன இல்லை என்றும் பார்க்கப் பிள்ளையைப் பழக்க வேண்டும்.

அப்படியானால் மொத்தமாகத் தடைசெய்துவிடலாமா? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு பழைய வழக்காடல் நல்ல படிப்பினை. 1992இல் ‘நைட் ட்ராப்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. நடிகர்களை வைத்து 1987இலேயே படம்பிடித்து வைத்திருந்த காட்சிகளால் செய்யப்பட்டது. ஒரு வீட்டில் தங்கியிருக்கும் இளம் பெண்களை, உள்ளே நுழையும் தீயவர்களிடமிருந்து கண்காணிப்புக் கமெராக்களின் உதவியால் காப்பாற்றுவதுதான் விளையாடுபவரின் வேலை. 1993 டிசம்பர் 9ஆம் திகதி அமெரிக்க செனட் சபையில் வீடியோ விளையாட்டுக்கள் பற்றிய விசாரணை நடந்தபோது, இது பெண்களைப் பொறியில் சிக்கவைத்துக் கொல்லும் விளையாட்டு என்ற தோரணையில் பேசப்பட்டது. பெரிய விளையாட்டுப் பொருட் கடைகள் அதை விற்பனையிலிருந்து எடுத்தன. அதில் பயமுறுத்தும் காட்சிகள் இருந்தன என்பது உண்மை. சிறு பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்பதும் உண்மை. ஆனால் காப்பாற்றும் கதையைக் கொல்லும் கதையாகச் சொன்னது நியாயமல்ல. அதே விளையாட்டு 2017இல் மறுபடி வெளியிடப்பட்டபோது, 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்ற தரமே அதற்குக் கிடைத்தது.

அந்தச் சண்டையிலிருந்து ஒரு நன்மை பிறந்தது. 1994இல் அமெரிக்காவில் விளையாட்டுக்களுக்கு வயதுத் தரம் குறிக்கும் அமைப்பு தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் 2003 முதல் 3, 7, 12, 16, 18 என்று வயது எண்ணைப் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். கைத்தொலைபேசியில் ஒரு விளையாட்டைத் தரவிறக்கம் செய்யும் பக்கத்திலும் இந்த வயதுக் குறிப்பு இருக்கும். ஒரு தாய் அந்த எண்ணைப் பார்க்க ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை. இலக்கம் தெரிந்தால் போதும். 18 என்று போட்டிருப்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் விட்டுவிட்டு, பிறகு பிள்ளையைக் குறை சொல்வதில் பயனில்லை. அதேபோல், பார்க்காத ஒன்றைப் பற்றிப் பிள்ளையிடம் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன விவரம் பிழை என்று பிள்ளை கண்டுகொண்டால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் சரியான வார்த்தைக்கும் மதிப்பிராது.

இன்னொரு விஷயமும் உண்டு. பிள்ளை தொடும் ஒவ்வொரு தெரிவும் அந்த நிறுவனத்தின் கணினியில் பதியப்படக்கூடும். 2019இல் மைக்கேல் வீல் என்ற பிரித்தானிய ஆய்வாளர், ஐரோப்பியச் சட்டம் தரும் உரிமையைக் கொண்டு, தம்மைப் பற்றி வைத்திருக்கும் தகவலைத் தருமாறு நெட்பிளிக்ஸிடம் கேட்டார். பேண்டர்ஸ்னாட்ச் பார்த்தபோது அவர் செய்த தெரிவுகள் எல்லாம் அதில் இருந்தன. எவருக்கு எதைக் காட்டலாம் என்று சிபாரிசு செய்யவும், இப்படிப்பட்ட கதைகளை மேம்படுத்தவும் அவற்றை வைத்திருப்பதாக நிறுவனம் விளக்கம் கொடுத்தது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஒருவர் எதற்குப் பயப்படுகிறார், எதற்கு ஆசைப்படுகிறார், அவசரத்தில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதெல்லாம் விலை மதிப்புள்ள தகவல். அதைப் பிள்ளை விளையாட்டாகக் கொடுத்துவிடக் கூடாது. பிள்ளையின் உண்மைப் பெயர், பிறந்த திகதி, புகைப்படம் ஆகியவற்றைக் கணக்குத் திறக்கும்போது கொடுக்காமலிருப்பது முதல் காவல்.

இனி, வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். செலவில்லாதது, வேண்டியது அரை மணித்தியாலம் மட்டும். பிள்ளை இப்படி ஒன்றை விளையாடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். போனைப் பறிக்க வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ‘இதை ஏன் தெரிவு செய்தாய் மகன்?’ இது முதலாவது. ‘இதனால் யாருக்கு நட்டம்? அவர் இடத்தில் நீ இருந்தால்?’ இது இரண்டாவது. ‘உனக்குச் செய்ய மனமிருந்தும் திரையில் இல்லாமல் போனது எது?’ இது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை முதலில் விழிக்கும். பிறகு சொல்லத் தொடங்கும். ‘அடிப்பதும் ஓடுவதும்தான் இருக்கிறது உம்மா, பேசிப் பார்ப்பது இல்லை’ என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அது தண்டவாளத்தைக் கண்டுவிட்டது. இனி அதை எளிதில் ஏமாற்ற முடியாது.

இன்னும் ஒரு படி போகலாம். விடுமுறை நாளில் ராத்தாவையும் தம்பியையும் சேர்த்து உட்காரவைத்து, கடதாசியில் இப்படியொரு கதையை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஆசனத்துக்குக் கீழே ஒரு பணப்பை கிடக்கிறது என்று தொடங்கட்டும். எடுப்பதா, விடுவதா? எடுத்தால் நடத்துனரிடம் கொடுப்பதா, திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதா? ஒவ்வொரு வழிக்கும் ஒரு தாள். மூன்று தடவை பிரிந்ததும் எட்டு முடிவு எழுத வேண்டி வரும். கை வலிக்கும். ‘இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம்’ என்று பிள்ளைகளே சொல்வார்கள். பெரிய நிறுவனங்கள் செய்வதை அவர்கள் அப்போதே விளங்கிக்கொள்வார்கள். எந்த வழியைத் திறப்பது, எதை மூடுவது என்ற அதிகாரம் எழுதுபவர் கையில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். எழுதிப் பார்த்த பிள்ளை, பிறகு எந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்தாலும் வேறு கண்ணோடு உட்காரும்.

முடிக்குமுன் ஒன்று. இந்த விளையாட்டுக்களில் எந்தத் தவறைச் செய்தாலும் பின்னோக்கிப் போய் மறுபடி தொடங்கலாம். தள்ளிவிட்டவர் எழுந்து நிற்பார், எரிந்த வீடு முழுதாக நிற்கும். வாழ்க்கையிலும் திரும்பி வரும் கதவு உண்டு. நாம் அதைத் தவ்பா என்கிறோம். ஆனால் அடுத்தவருடைய பணத்தை எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுக்காமலும், மானத்தைக் கெடுத்தவர் அவரிடம் மன்னிப்புக் கேட்காமலும் அந்தக் கதவு முழுமையாகத் திறப்பதில்லை என்று மத்ரஸாவில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். வாழ்க்கையில் காட்சி அழிவதில்லை, சரிசெய்யத்தான் வேண்டும். பொத்தானை அழுத்திப் பழகிய பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எந்த நிறுவனத்துக்கும் இல்லை. அது உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் உரியது. தம்பியின் பென்சிலை உடைத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம், “சரி, இப்போது என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடி என்ற கணக்கு வேண்டாம். தேவையான நேரத்தைக் கொடுங்கள்.